ஆறாம் பிரிவு

ஜூன் 14

என் குருவிக்கு,

உன் பொடிசு பத்திரமாக வந்து சேர்ந்தாள். பஸ்ஸில் பக்கத்து சீட்டு அம்மாள் வழி முழுக்க இவள் தோளில் சாய்ந்து தூங்கினாளாம். தோள்பட்டை வலிக்கிறது என்றாள். அதைத் தவிர ஒரு சேதாரமும் இல்லை. பதினாறு வயதுக்கு இவ்வளவு உயரமாடீ? வாசலில் நின்றவளை யாரோ புது டீச்சர் என்று நினைத்து “வாங்க, உள்ள வாங்க” என்று மரியாதையாகக் கூப்பிட்டுவிட்டேன். “நான்தான் பெரியம்மா” என்று சிரித்தாள். சிரித்தால் அப்படியே நீ.

ஜன்னல் பக்கத்து அறையை ஒழித்துக் கொடுத்திருக்கிறேன். காலையில் இருவரும் ஒன்றாக நடந்து போகிறோம். பள்ளிக்கூட வாசல் வரை நான் பெரியம்மா, வாசலைத் தாண்டினால் மிஸ். அதில் ரொம்பக் கண்டிப்பாக இருக்கிறாள். பதினெட்டு வருஷமாகத் தனியாகப் பேசித் தனியாகச் சிரித்துக்கொண்டிருந்த வீட்டில் இப்போது இன்னொரு குரல் கேட்கிறது. குளியலறையில் பாட்டு வேறு. எனக்கு எவ்வளவு இதமாக இருக்கிறது என்று உனக்கு எழுதத் தெரியவில்லை.

ஒரு செய்தி. இந்த வருஷம் பதினொன்றாம் வகுப்புக்கு நம் விடுதலைப் பிரகடனத்தையே பாடமாக வைத்திருக்கிறார்கள். நாம் இருவரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தபோது என்ன செய்தோம்? மனப்பாடம் பண்ணி மூச்சு விடாமல் ஒப்பித்தோம். நீ நடுவில் இரண்டு வரியை விழுங்கிவிட்டு ஒன்றுமே நடக்காத மாதிரி முடித்தாய். இந்தப் பிள்ளைகளை நான் ஒப்பிக்க விடப்போவதில்லை. பிரித்துப் போட்டுப் பார்க்கச் சொல்லப்போகிறேன். யார் எழுதினார்கள், யாரைப் பார்த்துப் பேசுகிறார்கள், எந்தச் சொல்லை ஏன் எடுத்தார்கள், யாரை விட்டுவிட்டார்கள். பாடப்புத்தகத்தில் ஆறாம் பிரிவு இருந்த இடத்தில் மூன்று புள்ளி வைத்திருக்கிறார்கள். நான் காப்பகத்துக்குப் போய் முதல் அச்சுப் பிரதியை நகலெடுத்து வந்துவிட்டேன்.

முகத்தைச் சுளிக்காதே. உன் கல்யாணத்துக்குப் பதிவு அலுவலகத்தில் சாட்சிக் கையெழுத்துப் போட்ட ஒரே ஆள் நான். உன் வீட்டுக்காரரைப் பற்றி எனக்குத் தெரிந்தது என்னோடு மண்ணுக்குள் போகும்.

உன்
வாத்தி


ஜூன் 22

அன்பு வாத்திக்கு,

உன் கடிதத்தை வார்டில் வைத்துப் படித்தேன். ஒரு பக்கம் எடைபோடும் தட்டில் பிள்ளை, மறு பக்கம் கையில் உன் கடிதம். அந்தப் பிள்ளை இரண்டரைக் கிலோ. உன் கடிதம் அதைவிடக் கனமாக இருந்தது.

பொடிசுக்கு இரும்பு மாத்திரையை ஞாபகப்படுத்து. ஜன்னலுக்கு வெளியே எறிந்துவிட்டு விழுங்கினேன் என்பாள்.

நான் படிக்காதவள் இல்லை, ஆனால் உன்னளவுக்குப் படித்தவளும் இல்லை. அதனால் தெரியாமல் கேட்கிறேன். அந்தப் பிரிவைக் கட்டாயம் நடத்தத்தான் வேண்டுமா? முப்பத்தைந்து வருஷத்துக்கு முன்பு சட்டத்திலிருந்தே அடித்துவிட்டார்கள். புள்ளி வைத்தவர்கள் ஏதோ யோசித்துத்தானே வைத்திருப்பார்கள்?

“கூலி ஒப்பந்தத்தின் பேரில் கப்பலில் கொண்டுவரப்பட்டோரும் அவர்தம் சந்ததியினரும் மேற்கண்ட ‘நாங்கள்’ என்பதனுள் அடங்கார்.” பார், எனக்கும் ஒரு வரி மனப்பாடமாக இருக்கிறது. என் வீட்டுக்காரருடைய தாத்தாவைப் பற்றிய வரியாயிற்றே.

சட்டம் அடித்துவிட்டது, சனங்கள் அடிக்கவில்லை. இந்த ஊரில் இன்றைக்கும் யாராவது கைநீட்டி ஒன்றை எடுத்துவிட்டால், “கப்பல் புத்தி” என்றுதான் சொல்கிறார்கள். அவர் தண்ணீர் தொட்டியில் வேலை பார்க்கிறார். காலையில் அவர் வால்வைத் திறந்தால்தான் எண்ணூறு வீட்டில் குழாய் கொட்டும். அவர் யாரென்று தெரிந்தால் அந்தத் தண்ணீரைக் குடிப்பார்களா? எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளவும் வேண்டாம்.

பொடிசுக்கு நாலு வயதிலேயே சொல்லிக்கொடுத்துவிட்டோம். யார் கேட்டாலும் அப்பாவுடைய ஆட்களும் அம்மாவுடைய ஆட்களும் ஒன்றுதான். அவள் ஒரு தடவைகூடத் தவறியதில்லை. அது பெருமையா பாவமா என்று நான் யோசிப்பதில்லை.

நீ சொல்ல மாட்டாய் என்று தெரியும். இருந்தாலும் எழுதிவிட்டேன்.

குருவி


ஜூலை 10

என் பயந்தாங்கொள்ளிக் குருவிக்கு,

உட்கார்ந்துகொண்டு படி. உன் மகள் என்னைத் தோற்கடித்துவிட்டாள்.

முதல் வாரம் பிள்ளைகளுக்கு வெறும் சொற்களை எண்ணுகிற வேலை கொடுத்தேன். ‘உரிமை’ எத்தனை தடவை வருகிறது, ‘கடமை’ எத்தனை தடவை. முப்பத்திரண்டு பிள்ளைகளும் கலர் பென்சிலை வைத்துக்கொண்டு நகலில் கட்டம் போட்டார்கள். இரண்டாவது வாரம் கையெழுத்துகள். நாற்பத்தொரு பேர் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள், அதில் எத்தனை பெண்கள்? ஒருத்தரும் இல்லை என்றதும் பெண்கள் பக்கம் ஒரே கூச்சல். மூன்றாவது வாரம் ஆறாம் பிரிவு. படித்துக் காட்டினேன். அடித்தது நியாயம்தானே என்று கேட்டேன். எல்லாரும் ஆமாம் மிஸ் என்றார்கள். பாடம் முடிந்தது என்று சாக்பீஸைக் கீழே வைக்கப் போனேன்.

பொடிசு கை தூக்கினாள்.

“ஆறாம் பிரிவ எடுத்துட்டா மட்டும் போதுமா மிஸ்? முதல் வரியிலயே அது இருக்கே. ‘இம்மண்ணின் மக்களாகிய நாங்கள்’னு இருக்கு. ‘நாம்’னு ஏன் எழுதல?”

“ரெண்டும் ஒண்ணுதானேம்மா?”

“இல்ல மிஸ். ‘நாம்’னா எதிர்ல நிக்கறவங்களும் அதுல சேர்ந்துடுவாங்க. ‘நாங்கள்’னா எதிர்ல யாரோ தனியா நிக்கறாங்க. அது யாருன்னு ஆறாம் பிரிவுல சொன்னாங்க. இப்ப பேர மட்டும்தான் அழிச்சிருக்காங்க. அந்த ஆள் இன்னும் அங்கயேதான் நிக்கறாரு.”

சாக்பீஸை மறுபடி எடுத்து இரண்டு சொல்லையும் பலகையில் எழுதினேன். இருபத்திரண்டு வருஷமாகப் பாடம் நடத்துகிறேன், இந்தப் பிரகடனமோ பள்ளி நாளிலிருந்தே எனக்கு மனப்பாடம். ஒரு நாளும் என் கண்ணில் படவில்லை. அன்று வீட்டுக்கு வந்து நல்ல தலைவலி. சந்தோஷத்தில்தான் என்று வைத்துக்கொள்.

இரும்பு மாத்திரை என் கண் முன்னால் விழுங்குகிறாள், கவலைப்படாதே. மாத முடிவில் கல்வி அலுவலகத்திலிருந்து ஆய்வாளர் வருகிறார். என் வகுப்பைத்தான் பார்க்க வேண்டுமென்று கேட்டிருக்கிறாராம். இந்தப் பாடத்தையே வைத்திருக்கிறேன்.

உன்
வாத்தி


ஜூலை 19

வாத்திக்கு,

அந்தக் கடிதத்தை அவருக்குப் படித்துக் காட்டினேன். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் கையை அப்படியே வைத்துக்கொண்டு, “இன்னொரு தடவை படி” என்றார். மூன்று தடவை படித்தேன். பிறகு எழுந்து போய்க் கை கழுவிவிட்டுக் குழாயடியிலேயே ரொம்ப நேரம் நின்றார். திரும்பி வந்து, “யார் சொல்லிக் குடுத்தது அதுக்கு?” என்றார். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை என்றேன். “அதான் பயமா இருக்கு” என்றார்.

எனக்கு மட்டும் பெருமை இல்லை என்று நினைக்காதே. பிரசவ வார்டில் ஆயாவிடம்கூடச் சொல்லிவிட்டேன், என் மகள் வகுப்பில் நல்ல கேள்வி கேட்டாளென்று. என்ன கேள்வி என்று மட்டும் சொல்லவில்லை.

வகுப்பில் யாரும் அவளிடம், உனக்கு எப்படி இது தோன்றியது என்று கேட்கவில்லையே? கேட்டால் என்ன சொல்வதென்று அவளுக்குத் தெரியும். ஆனாலும் ஆய்வாளர் வருகிற அன்று அவளைக் கொஞ்சம் பின்னால் உட்காரவை. தலைவலி என்று சொல்லி வீட்டில் விட்டுவிட்டாலும் பரவாயில்லை. உனக்குத்தான் தெரியுமே, கேள்வி கேட்காமல் அவளால் இருக்க முடியாது.

பொடிசு தபால் கார்டில் எழுதியிருக்கிறாள்: “பெரியம்மா பாடம் நடத்தினா பெல் அடிச்சதே தெரியாது.” உன்மேல் உயிரை வைத்திருக்கிறாள். பார்த்துக்கொள்.

குருவி


ஆகஸ்ட் 3

என் குருவிக்கு,

ஜெயித்துவிட்டோம்!

ஆய்வாளர் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார், பக்கத்தில் தலைமையாசிரியர். அதைப் பார்த்ததும் பிள்ளைகளுக்கு வாயைத் தைத்துவிட்ட மாதிரி ஆகிவிட்டது. நேற்று வரை கத்திக்கொண்டிருந்தவர்கள் நகலையே உற்றுப் பார்க்கிறார்கள். நான் கேட்கிறேன், பதில் இல்லை. மறுபடி கேட்கிறேன், யாரோ இருமுகிறார்கள். ஆய்வாளர் கடிகாரத்தைப் பார்த்தார்.

அப்போதுதான் பொடிசு எழுந்தாள். குருவி, நீ இதை எப்படி எடுத்துக்கொள்வாயோ தெரியவில்லை. அவளே, தானாகவே, “இதுல சொல்லியிருக்கறவங்க எங்க அப்பாவோட ஆளுங்க” என்று சொன்னாள். சொல்லிவிட்டு ஆறாம் பிரிவைப் படித்தாள். குரல் கொஞ்சம் நடுங்கியது, ஆனால் ஒரு சொல் பிசகவில்லை. ஆய்வாளர் எழுந்து நின்று கைதட்டினார். தலைமையாசிரியர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஒரு ஏடு உயிரோடு எழுந்து நின்று பேசிய மாதிரி இருந்தது.

எத்தனை நாள்தான் ஒளித்துவைப்பாய்? நீங்கள் இருவரும் பன்னிரண்டு வருஷமாக அந்தப் பிள்ளையின் வாயில் துணியை அடைத்து வைத்திருந்தீர்கள். அவளே எடுத்து எறிந்துவிட்டாள். கோபப்படாமல் பெருமைப்படு.

இருபதாம் தேதி பள்ளிக்கூடத்தில் கண்காட்சி வைக்கிறோம். பிரகடனத்தின் நகலைப் பெரிதாக்கி நடுவில் மாட்டி, பிள்ளைகள் எழுதிய குறிப்புகளைச் சுற்றிலும் ஒட்டப்போகிறோம். பொடிசுடைய கட்டுரையும் அவள் படமும் நட்டநடுவில். செய்தித்தாளிலிருந்து ஆள் வருகிறார்.

உன்
வாத்தி


ஆகஸ்ட் 9

வாத்தி,

அவளே சொன்னாளா?

வார்டு போனில் மூன்று தடவை பள்ளிக்கூடத்துக்குக் கூப்பிட்டேன். நீ வகுப்பில் இருப்பதாகச் சொன்னார்கள். இரண்டு வாரமாக அவளிடமிருந்து கார்டு வரவில்லை.

படத்தை மாட்டாதே. கட்டுரையை வேண்டுமானால் வைத்துக்கொள், பெயரை எடுத்துவிடு. செய்தித்தாள் இந்த ஊருக்கும் வருகிறது. நான் உன்னிடம் இதுவரை எதையும் கேட்டதில்லை. இதைக் கேட்கிறேன்.

குருவி


ஆகஸ்ட் 28

அன்புக் குருவிக்கு,

உன் கடிதம் வருவதற்குள் அழைப்பிதழ் அச்சாகிவிட்டது. அதில் பொடிசின் பெயர் இருந்தது. நான் என்ன செய்ய முடியும் சொல்? பெயரில்லாத கட்டுரையை யார் நின்று படிப்பார்கள்?

கண்காட்சிக்கு அறுநூறு பேர் வந்தார்கள். செய்தித்தாளில் வந்த படத்தைப் பார்த்திருப்பாய். பொடிசு சிரிக்கவில்லை என்று வருத்தப்படாதே. அந்தக் கட்டுரைக்குச் சிரித்தால் நன்றாக இருக்காது என்று நான்தான் சொன்னேன்.

சின்னச் சின்னத் தொல்லைகள் உண்டு, மறைக்க மாட்டேன். பிள்ளைகள் அவளுக்கு ‘ஆறு’ என்று பட்டப்பெயர் வைத்திருக்கிறார்கள். வருகைப்பதிவுக்கு வரிசையாக எண் சொல்லும்போது ஐந்துக்கு அடுத்து எல்லாரும் நிறுத்தி ஒரு மூச்சு விட்டுவிட்டு ஏழு என்கிறார்கள். விளையாட்டுதான். நமக்கு இல்லாத பட்டப்பெயரா? பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண் இடம் மாறிக்கொண்டாள். அவள் அம்மா வந்து, மகளுக்குக் கண் சரியாகத் தெரியவில்லை, முன்னால் உட்கார வேண்டும் என்றார். பொடிசு உட்கார்ந்திருந்ததே இரண்டாவது வரிசைதான். நான் சிரித்துவிட்டேன். வராந்தாவில் தண்ணீர்க் குழாய் பக்கம் இவள் போனால் மற்றவர்கள் காத்திருக்கிறார்களாம், இவள் குடித்து முடித்ததும் குழாயைக் கழுவிவிட்டுக் குடிக்கிறார்களாம். இதைத்தான் நான் வகுப்பில் பேசப் போகிறேன். இதைவிட நல்ல பாடம் எங்கே கிடைக்கும்?

ஆனால் அவள் ஒத்துழைக்க மாட்டேன் என்கிறாள். வகுப்பில் பேசுவதில்லை. வீட்டில் சாப்பிடுவதில்லை. போன வாரம் நாலு நாள் பள்ளிக்கூடத்துக்கு என்னோடு வந்துவிட்டுப் பின்வாசல் வழியாக வெளியே போய் பஸ் நிலையத்து பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாள். எனக்கு எவ்வளவு அவமானம் தெரியுமா? ஆய்வாளர் பாராட்டிய பிள்ளை! கொஞ்சம் கடிந்துகொண்டேன். “உன் பாட்டன் பூட்டன் பட்டதுக்கு முன்னால இதெல்லாம் ஒண்ணுமே இல்ல, உன்னால ரெண்டு பேர் முகம் சுளிக்கறதத் தாங்க முடியலையா?” என்று கேட்டேன். “பெரியம்மா” என்று ஆரம்பித்து, “மிஸ்” என்று மாற்றிக்கொண்டு, பிறகு எதுவும் சொல்லாமல் அறைக்குள் போய்விட்டாள். வீட்டுக்குள்ளேயே மிஸ் என்கிறாள் குருவி. எனக்கு நெஞ்சில் குத்தின மாதிரி இருந்தது.

ஒரு வரி எழுதி அவளுக்குத் தைரியம் சொல்.

உன்
வாத்தி


செப்டம்பர் 20

வாத்திக்கு,

அவள் இங்கே இருக்கிறாள். நீ போலீஸுக்குப் போவதற்கு முன்னால் தந்தி அடித்தேன், கிடைத்திருக்கும். பெட்டி இல்லாமல், சீருடையோடு வந்து இறங்கினாள். பஸ் நிலையத்தில் நாலு நாள் உட்கார்ந்திருந்தது எதற்கு என்று கேட்டேன். எந்த பஸ் நம் ஊருக்குப் போகிறதென்று பார்த்துக்கொண்டிருந்தாளாம். ஏறுவதற்குத் தைரியம் வரவில்லையாம், பெரியம்மா வருத்தப்படுவாள் என்று.

வந்து ஒன்பது நாள் ஒன்றும் சொல்லவில்லை. பத்தாம் நாள் தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டிருந்தபோது முதுகைக் காட்டிக்கொண்டே சொன்னாள். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். தப்பிருந்தால் நீ திருத்து. திருத்துகிற வேலை உன்னுடையதுதானே.

ஆய்வாளர் கடிகாரத்தைப் பார்த்தார். நீ மேஜையைச் சுற்றிக்கொண்டு அவள் பெஞ்சுக்கு வந்தாய். “நீ சொல்லு” என்றாய். அவள் எழுந்து, “எனக்குத் தெரியல மிஸ்” என்றாள். “தெரியாம எப்படி? உங்க வீட்டுல இதப் பத்திப் பேசியிருப்பாங்களே?” என்றாய். “இல்ல மிஸ்.” “உங்க அப்பாவோட தாத்தா எப்படி இங்க வந்தாரு? நடந்தா வந்தாரு?” வகுப்பு சிரித்தது. அவள் உன் முகத்தைப் பார்த்தாள். நீ நிறுத்துவாய் என்று நினைத்தாளாம். நீ அவள் தோளில் கை வைத்து, “பயப்படாத, சொல்லு, கப்பல்லதானே வந்தாரு?” என்றாய். அவள் ஆமாம் என்றாள். “ஆறாம் பிரிவப் படி” என்றாய். படித்தாள்.

“அவளே, தானாகவே” என்று எனக்கு எழுதினாய்.

இங்கே நடந்ததையும் கேள். செய்தித்தாள் வந்த மூன்றாம் நாள் குடிநீர் அலுவலகத்துக்கு ஒரு மனு போனது. “கீழே கையொப்பமிட்டுள்ள இக்குடியிருப்புவாசிகளாகிய நாங்கள்” என்று ஆரம்பித்து, சுகாதாரத்தை முன்னிட்டுத் தொட்டியில் வேறு ஆளைப் போடும்படி கேட்டிருந்தார்கள். அறுபத்து மூன்று கையெழுத்து. மேலதிகாரி நல்லவர், என் வீட்டுக்காரரைக் கூப்பிட்டு மனுவின் நகலைக் கையில் கொடுத்துப் படிக்கச் சொன்னார். அதை அவர் வீட்டுக்கு எடுத்துவந்தார். அதில் பதினோரு கையெழுத்து நான் பிரசவம் பார்த்த பெண்களுடையது. ஒருத்திக்கு இரட்டை. இரண்டாவது பிள்ளை மூச்சில்லாமல் வந்தது, வாயோடு வாய் வைத்து ஊதினேன். அவள் கையெழுத்து கோழிக் கிறுக்கல் மாதிரி இருக்கும், கேஸ் ஷீட்டில் பார்த்திருக்கிறேன். பார்த்ததும் தெரிந்துவிட்டது.

அவரைப் பழைய இரும்புக் கிடங்குக்கு மாற்றிவிட்டார்கள். காலையில் அதே நேரத்துக்கு எழுந்துகொள்கிறார். எழுந்து உட்கார்ந்திருக்கிறார்.

அவள் பெட்டியையும் மாற்றுச் சான்றிதழையும் அனுப்பிவை. வேறொன்றும் வேண்டாம்.


அக்டோபர் 6

குருவி,

கையெழுத்துக்கூடப் போடாமல் எழுதியிருக்கிறாய். முதன்முறையாக.

ஆமாம், கேட்டேன். அவள் சொன்னது சரிதான். ஒவ்வொரு சொல்லும் சரி, அவளுக்கு ஞாபகசக்தி அப்படி. ஆனால் நான் எந்த நிலைமையில் கேட்டேன் என்று நீ ஒரு நிமிஷம் யோசித்தாயா? இருபத்திரண்டு வருஷத்தில் ஒரே ஒரு நாள் ஒரு பெரிய மனிதர் என் வகுப்பில் வந்து உட்கார்ந்தார். அந்த ஒரு நாள் பிள்ளைகள் ஊமையாகிவிட்டார்கள். கையில் ஒரு நல்ல பாடம் இருந்தது, அது என் கண் முன்னால் செத்துக்கொண்டிருந்தது. அதைக் காப்பாற்றக்கூடியவள் ஒருத்திதான். அவளும் என் வீட்டுப் பிள்ளை. ஊரான் வீட்டுப் பிள்ளையாக இருந்தால் கேட்டிருப்பேனா? உரிமையோடு கேட்டுவிட்டேன்.

இரண்டு வாரம் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. வகுப்பில் இரண்டு தடவை கண்கலங்கிவிட்டேன். பிள்ளைகளே பயந்துவிட்டார்கள். என்னைப் பற்றி யாரும் விசாரிக்கவில்லை.

மனு போட்டவர்களிடம்தான் நீ கோபப்பட வேண்டும். நானா கையெழுத்துப் போட்டேன்?

பெட்டியை நாளை அனுப்புகிறேன். அவள் துணிகளை நானே துவைத்துத் தேய்த்து அடுக்கியிருக்கிறேன். மேலே ஒரு படிவம் வைத்திருக்கிறேன். ஆய்வாளர் என் பாடத்தை வைத்து ஆசிரியர்களுக்கு ஒரு கைநூல் போடச் சொல்லியிருக்கிறார். அதில் பொடிசின் கட்டுரையைச் சேர்க்கப் பெற்றோர் கையெழுத்து வேண்டும். கோபத்தில் கிழித்துப் போட்டுவிடாதே. அவளுடைய மூளையில் பிறந்தது, வீணாகப் போகக்கூடாது. இதையாவது அவளுக்காகச் செய்.

என்றும் உன்
வாத்தி


நவம்பர் 15

வாத்திக்கு,

பெட்டி வந்தது. படிவத்தில் கையெழுத்துப் போடவில்லை. வேறொரு படிவத்தைப் பற்றி உனக்குச் சொல்ல வேண்டும். இதுதான் கடைசி. எதற்கு எழுதுகிறேன் என்றால், உனக்குத் தெரியாமல் இருக்கக்கூடாது.

அடுத்த ஊர் பள்ளிக்கூடத்தில் இவளைச் சேர்க்க முடிவு செய்தோம். அங்கே யாருக்கும் எங்களைத் தெரியாது. சேர்க்கைப் படிவத்தை அவளே நிரப்பினாள். உனக்குத்தான் தெரியுமே, அழகான கையெழுத்து. நிரப்பி மேஜைமேல் வைத்துவிட்டுக் குளிக்கப் போனாள். அவர் எடுத்துப் பார்த்தார். தந்தை பெயர் என்ற இடத்தில் ‘காலமாகிவிட்டார்’ என்று எழுதியிருந்தாள்.

நான் கத்தினேன். குளியலறைக் கதவைத் தட்டினேன். அவர் என் கையைப் பிடித்து, “விடு” என்றார். “அது யோசிச்சுத்தான் எழுதியிருக்கும்.” அப்புறம் நல்ல சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டார்.

அவர்தான் அவளைக் கூட்டிக்கொண்டு போனார். நான் போகிறேன் என்றதற்கு, உனக்கு டியூட்டி என்றார். அங்கே அலுவலக அறையில் குமாஸ்தா படிவத்தைப் பார்த்துவிட்டு, “அப்பா இல்லையாம்மா, பாவம்” என்றாராம். அவரைப் பார்த்து, “நீங்க யாரு?” என்றாராம்.

“மாமாங்க” என்றாராம் இவர்.

“அப்ப பொறுப்பாளர்னு இந்த இடத்துல கையெழுத்துப் போடுங்க.”

வேறொரு பெயரை எழுதிப் போட்டிருக்கிறார். வீட்டுக்கு வந்து என்னிடம் இதையெல்லாம் அவர்தான் சொன்னார், யாரோ மூன்றாம் மனிதருக்கு நடந்த மாதிரி. “சேர்த்துக்கிட்டாங்க” என்றார். “நல்ல பள்ளிக்கூடம். மரமெல்லாம் இருக்கு.”

திரும்பி வருகிற வழியில் பஸ்ஸில் அவள் அவர் பக்கத்தில் உட்காரவில்லை. முன்னால் பெண்கள் சீட்டில் போய் உட்கார்ந்துகொண்டாள். வீட்டிலும் இப்போது அவரை எப்படியும் கூப்பிடுவதில்லை. அப்பா என்றும் இல்லை, வேறு எப்படியும் இல்லை. “சாப்பாடு ரெடி” என்று சுவரைப் பார்த்துச் சொல்கிறாள்.

கேள்வி கேட்பதையும் நிறுத்திவிட்டாள். அவளுடைய புது டீச்சர் ரொம்ப அடக்கமான பெண் என்று பாராட்டி எழுதியிருக்கிறார்.

எனக்கு எழுதாதே.


அடுத்த ஆண்டு, ஜூன் 30

என் அன்புக் குருவிக்கு,

இது நான்காவது கடிதம். முதல் மூன்றுக்கும் பதில் இல்லை. பரவாயில்லை, நான் எழுதிக்கொண்டேதான் இருப்பேன். என்னைத் தவிர உனக்கு யார் எழுதப்போகிறார்கள்?

நல்ல செய்தியை முதலில் சொல்லிவிடுகிறேன். கைநூல் வந்துவிட்டது. எழுபத்திரண்டு பக்கம், நல்ல தாள். எனக்கு இந்த வருஷத்துச் சிறந்த ஆசிரியர் விருது கொடுத்திருக்கிறார்கள். மேடையில் பேசும்போது உன்னை நினைத்துக்கொண்டேன், இரண்டே வரியில் முடித்துக்கொண்டு இறங்கிவிட்டேன். எல்லாரும் பணிவு என்று நினைத்தார்கள்.

நீ கையெழுத்துப் போடாததால் பொடிசின் கட்டுரையைச் சேர்க்கவில்லை. உன் விருப்பத்தை நான் மதித்தேன், பார்த்தாயா? ஆனால் அந்த இடம் காலியாக இருந்தது. பாடத்துக்கு ஓர் உயிருள்ள ஆவணம் வேண்டும் என்று ஆய்வாளர் சொல்லிக்கொண்டே இருந்தார். எனக்கு உன் நவம்பர் மாதக் கடிதம் ஞாபகம் வந்தது. குருவி, நீ நர்ஸ் வேலைக்குப் போயிருக்கவே கூடாது. எவ்வளவு நன்றாக எழுதியிருக்கிறாய்! ‘மாமாங்க’ என்கிற இடத்தில் நானே அழுதுவிட்டேன். பெயர், ஊர், எதுவும் கிடையாது. ‘ஒரு தாயின் கடிதம்’ என்று மட்டும் தலைப்பு. முழுவதையும் போட்டு, கீழே மாணவர்களுக்கு ஐந்து கேள்வி கொடுத்திருக்கிறேன். நாற்பது பள்ளிக்கூடங்களுக்குக் கைநூல் போயிருக்கிறது. அடுத்த ஊர் பள்ளிக்கூடத்துக்கும் போயிருக்கும். பொடிசு வகுப்பில் அதைப் பார்த்தால் பெரியம்மா மறக்கவில்லை என்று அவளுக்குப் புரியும்.

நேற்று என் புது வகுப்பில் அந்தக் கடிதத்தை வாசித்துக் காட்டினேன். முப்பத்தைந்து பிள்ளைகள். பெண்களெல்லாம் மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தார்கள். மூன்றாவது வரிசையில் ஜன்னலோரம் ஒருத்தி மட்டும் அழவில்லை. தலையைக் குனிந்து, பென்சிலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எங்கிருந்தோ மாற்றலாகி வந்த பிள்ளை, யாரோடும் அதிகம் பேசுவதில்லை. சேர்க்கைப் பதிவேட்டை எடுத்துப் பார்த்தேன். தந்தை பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு சின்னக் கோடு.

இவ்வளவு வருஷ அனுபவத்தில் எனக்கு இதெல்லாம் பார்த்ததும் தெரிந்துவிடுகிறது. பாவம், மனசுக்குள் என்னென்ன வைத்திருக்கிறதோ. நாளை முதல் பீரியடிலேயே அவளை எழுப்பிப் பேசவைக்கப் போகிறேன்.

என்றும் உன்
வாத்தி